கல்லீரல் புற்றுநோயும் நானோ துகள்களும்: ஒரு பொருளாதாரப் பார்வை

(பிம்ப்ரியில் மாணவர்களும் அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்லீரல் புற்றுநோயை ஸ்கேன் மூலம் கண்டறிய உதவும் நானோ துகள் மருந்துகளைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன். இயற்பியலும் என் துறையன்று. பொருளாதாரம் பயின்று அரசுப் பணியில் காலம் கழித்தவன். ஆகவே இம்மருந்துகள் எவ்வாறு செயற்படுகின்றன என்பதைச் சுருக்கமாகக் கூறிவிட்டு, என் துறைக்கு உரிய ஒரு கேள்விக்கு வர விரும்புகிறேன். நல்ல மருந்து என்று அறிவியல் ஒப்புக்கொண்ட ஒன்று, சந்தையிலிருந்து ஏன் மறைந்தது? அதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன?

இக்கேள்வியை எழுப்புவதற்குப் பிம்ப்ரியைக் காட்டிலும் பொருத்தமான இடம் வேறில்லை. 1954ஆம் ஆண்டில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனம் பொதுத் துறையில் இங்கே தோற்றுவிக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃப் நிறுவனமும் அதற்குத் துணை நின்றன. மறு ஆண்டிலேயே பென்சிலின் உற்பத்தி தொடங்கியது. இறக்குமதியை நம்பி நின்ற ஓர் உயிர்காக்கும் மருந்து உள்நாட்டிலேயே கிடைக்கலாயிற்று. ஹமைசின் என்னும் பூஞ்சை எதிர்ப்பு மருந்து கண்டறியப்பட்டதும் இந்நிறுவனத்தின் ஆய்வுக் கூடத்தில்தான். பிற்காலத்தில் அந்நிறுவனம் நிதி நெருக்கடிக்கு உள்ளானதை நீங்கள் அறிவீர்கள். வெற்றியும் நலிவும் சேர்ந்த அந்த வரலாறு இன்றைய பொருளுக்கும் பயன்படும்.

நோயின் தன்மை

உலக அளவில் 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 8.66 லட்சம் பேருக்குக் கல்லீரல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாக மதிப்பிடப்பட்டுள்ளது. அதே ஆண்டில் இந்நோயால் இறந்தவர்கள் ஏறத்தாழ 7.58 லட்சம் பேர். இவ்விரு எண்களும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதைக் கவனியுங்கள். நோய் கண்டறியப்படும்போது காலம் கடந்துவிடுகிறது என்பதே இதன் பொருள்.

கல்லீரல் பொறுமையான உறுப்பு. அதன் பெரும்பகுதி பழுதடையும் வரை வலியோ வேறு அறிகுறியோ தோன்றாமல் இருக்கலாம். கட்டி இரண்டு சென்டிமீட்டருக்குள் இருக்கும்போது கண்டறிந்தால் அறுவை மூலம் நீக்கலாம். ஊசி வழியே வெப்பம் செலுத்தி அழிக்கலாம். தக்கவர்களுக்குக் கல்லீரல் மாற்றும் செய்யலாம். பசி குன்றி, எடை குறைந்து, வயிற்றில் நீர் கோத்த பின் மருத்துவமனைக்கு வருபவருக்கு இவ்வழிகளில் பெரும்பாலானவை அடைபட்டுப் போகின்றன.

இந்நோய் பெரும்பாலும் வெறுங்கல்லீரலில் தோன்றுவதில்லை. ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி ஆகிய வைரஸ்கள், நெடுங்கால மதுப்பழக்கம், நீரிழிவோடும் உடற்பருமனோடும் சேர்ந்து வரும் கல்லீரல் கொழுப்பு ஆகியவை கல்லீரலைத் தழும்பேற்றிச் சுருங்கச் செய்கின்றன. சிர்ரோசிஸ் எனப்படும் அந்தச் சுருக்கத்தின் மேல் புற்று முளைக்கிறது. ஈரத்தில் பூசணம் பிடித்த நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சும் ஒரு காரணம். 1974ஆம் ஆண்டில் ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் பழங்குடி வட்டாரங்களில் கெட்டுப்போன மக்காச்சோளத்தை உண்டவர்களுக்குக் கடும் கல்லீரல் நோய் ஏற்பட்டு 106 பேர் உயிரிழந்தனர். அது புற்றுநோய் அன்று என்றாலும், களஞ்சியத்தின் நிலைக்கும் கல்லீரலின் நிலைக்கும் உள்ள தொடர்பை நாட்டுக்கு உணர்த்திய நிகழ்ச்சி அது.

ஆக, யாருக்கு இந்நோய் வரக்கூடும் என்பதைப் பெருமளவு முன்கூட்டியே அறிய முடிகிறது. இந்த ஓர் உண்மையை நினைவில் கொள்ளுமாறு வேண்டுகிறேன். பின்னர் இதற்கே திரும்பி வருவோம்.

காட்சியை வேறுபடுத்தும் மருந்துகள்

ஸ்கேன் படத்தில் கட்டியும் அதைச் சுற்றியுள்ள திசுவும் ஒரே சாம்பல் நிறமாகத் தோன்றினால் மருத்துவரால் ஒன்றும் கூற இயலாது. இரண்டையும் வேறுபடுத்திக் காட்ட நரம்பு வழியே செலுத்தப்படுவதே கான்ட்ராஸ்ட் மருந்து. சி.டி. ஸ்கேனுக்கு அயோடின் சேர்ந்த மருந்தும், எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குக் கடோலினியம் சேர்ந்த மருந்தும் வழக்கில் உள்ளன.

இங்கே இயற்கை ஒரு வசதி செய்து தந்திருக்கிறது. கல்லீரலுக்கு இரண்டு வழிகளில் குருதி வருகிறது. ஏறத்தாழ முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாகவும், எஞ்சிய கால் பங்கு தமனி வழியாகவும் வருகிறது. ஆனால் புற்றுக்கட்டி தனக்கு வேண்டிய குருதியைப் பெரும்பாலும் தமனியிலிருந்தே பெறுகிறது. எனவே மருந்து செலுத்திய சில நொடிகளில், தமனிக் குருதி பாயும் கட்டத்தில், கட்டி பளிச்செனத் தெரியும். போர்ட்டல் குருதி வந்து சேர்ந்ததும் சுற்றுப்புறம் ஒளிர, கட்டி மங்கிவிடும். சிர்ரோசிஸ் உள்ளவரிடம் இந்த இரு அடையாளங்களும் தெளிவாக இருந்தால், பல வேளைகளில் திசு எடுத்துச் சோதிக்காமலே நோயை உறுதி செய்கின்றனர். இடர்ப்பாடு சிறிய கட்டிகளில்தான். அவற்றில் இவ்வடையாளங்கள் முழுமையாகத் தோன்றாமல் போகலாம்.

நானோ துகள்கள் இந்த இடத்தில்தான் வந்து சேர்ந்தன. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. இரும்பு ஆக்சைடை மிக நுண்ணிய துகள்களாக்கி, டெக்ஸ்ட்ரான் போன்ற சர்க்கரைப் பொருளால் போர்த்திக் குருதியில் செலுத்தினால், உடல் அவற்றை அந்நியப் பொருள் எனக் கருதுகிறது. குருதியில் வரும் தூசு துப்பட்டைகளை விழுங்கித் துப்புரவு செய்யும் கூப்ஃபர் செல்கள் கல்லீரலில் இருக்கின்றன. செலுத்திய துகள்களில் பெரும்பகுதியை அவையே விழுங்கிவிடுகின்றன. இரும்பின் காந்தத் தன்மையால் அந்த இடங்களில் எம்.ஆர்.ஐ. சமிக்ஞை குன்றி, நலமான கல்லீரல் கருமையாகத் தோன்றும். முதிர்ந்த புற்றுக்கட்டியில் கூப்ஃபர் செல்கள் இல்லை அல்லது மிகக் குறைவு. ஆகவே இருண்ட கல்லீரலின் நடுவே கட்டி வெண்மையாகத் தெரியும். துப்புரவுப் பணியாளர்கள் இல்லாத தெருவை, அள்ளப்படாத குப்பையைக் கொண்டு அடையாளம் காண்பது போன்றது இம்முறை.

துகள்களில் உள்ள இரும்பு பின்னர் மெல்லச் சிதைந்து உடலின் இரும்புச் சேமிப்பில் கலந்துவிடுகிறது. முதலில் வந்த மருந்தின் அளவுப்படி 60 கிலோ எடையுள்ளவருக்குச் செலுத்தப்பட்ட இரும்பு சுமார் 34 மில்லிகிராம். மனித உடலில் இயல்பாகவே 3 முதல் 4 கிராம் இரும்பு இருப்பதோடு ஒப்பிட்டால் இது சிறு அளவே.

சந்தையிலிருந்து மறைந்த மருந்து

இவ்வகையில் ஃபெருமாக்சைட்ஸ் என்னும் மருந்துக்கு 1996ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அதையடுத்து ஃபெருகார்போட்ரான் என்னும் மருந்து ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் விற்பனைக்கு வந்தது. மருத்துவ இதழ்கள் இவற்றை வரவேற்று எழுதின. ஆயினும் 2008ஆம் ஆண்டில் ஃபெருமாக்சைட்ஸ் உற்பத்தி நிறுத்தப்பட்டது. ஃபெருகார்போட்ரானும் சிறிது காலத்தில் ஐரோப்பியச் சந்தையிலிருந்து விலகியது.

இம்மருந்துகள் மக்களுக்குப் பெருந்தீங்கு விளைவித்ததால் நீக்கப்பட்டன என்று எண்ண வேண்டாம். முதன்மையான காரணம் விற்பனைக் குறைவே. அந்தக் குறைவுக்கும் காரணங்கள் உண்டு. ஃபெருமாக்சைட்ஸை ஒரேயடியாகச் செலுத்த இயலாது. முதுகுவலி போன்ற விளைவுகளைத் தவிர்க்க அரை மணி நேரம் மெல்ல ஏற்ற வேண்டும். குருதி பாயும் கட்டங்களைப் படம் பிடிக்க அது உதவாது. அதற்கு வேறு மருந்து தேவை. ஆகவே நோயாளி எந்திரத்தை நெடுநேரம் பிடித்துக்கொண்டார். மேலும், தொடக்க நிலைப் புற்றுக்கட்டிகள் சிலவற்றில் கூப்ஃபர் செல்கள் எஞ்சியிருப்பதுண்டு. அவை கண்ணுக்குத் தப்பின. சிர்ரோசிஸ் முற்றிய கல்லீரலில் கூப்ஃபர் செல்களே செயல் குன்றிப் போவதால் படத்தின் தெளிவும் குறைந்தது. மருந்து யாருக்கு மிகவும் தேவையோ அவரிடமே அதன் திறன் குறைந்தது என்பது கருதத்தக்கது.

இந்நிலையில் கடாக்சிடிக் அமிலம் என்னும் புதிய கடோலினிய மருந்து வந்தது. 2008ஆம் ஆண்டில் அமெரிக்காவும் அதற்கு ஒப்புதல் தந்தது. அது நானோ துகள் அன்று. செலுத்திய அளவில் ஏறத்தாழ பாதியைக் கல்லீரல் செல்களே ஈர்த்துக்கொள்கின்றன. ஒரே ஊசியில், ஒரே அமர்வில், குருதி பாயும் கட்டங்களையும் காட்டி, சுமார் 20 நிமிடங்களுக்குப் பின் செல்களின் செயலையும் அது காட்டியது. இரண்டு வேலைகளை ஒன்றாகச் செய்யும் பொருள் வந்தபின், ஒரு வேலையை மட்டும் செய்யும் பொருளை யார் வாங்குவர்?

மாணவ நண்பர்களே, பாடநூலில் பதிலீட்டுப் பண்டம் என்று படிக்கிறோமே, அதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. இன்னொரு பாடமும் இதில் அடங்கியிருக்கிறது. புதிய மருந்தொன்றை மனிதரிடம் சோதித்து ஒப்புதல் பெறும் செலவு மிகப் பெரிது. நாள்தோறும் உண்ணும் நீரிழிவு மாத்திரையில் அச்செலவை ஈடுகட்டலாம். ஒருவருக்கு ஆண்டில் ஓரிரு முறை மட்டும் பயன்படும் ஸ்கேன் மருந்தில் ஈடுகட்டுவது கடினம். எனவே ஆய்வுக் கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் பெருகினாலும் மருத்துவமனை அலமாரிக்கு வந்து சேர்பவை விரல்விட்டு எண்ணத்தக்கவை.

அதே இரும்பு ஆக்சைடு வகையைச் சேர்ந்த ஃபெருமாக்சிடால் என்னும் மருந்து 2009ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆனால் சிறுநீரக நோயாளிகளின் இரத்தசோகையைப் போக்கும் இரும்பு மருந்தாகவே பெற்றது. தேவை பெரிதாக உள்ள இடத்துக்கு மூலதனம் நகர்ந்துவிட்டது. கடுமையான ஒவ்வாமை அபாயம் காரணமாக 2015ஆம் ஆண்டில் அதற்குப் பலத்த எச்சரிக்கை விதிக்கப்பட்டதையும் குறிப்பிட வேண்டும். நானோ என்ற பெயர் மட்டும் பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது.

நம் நாட்டு முயற்சிகள்

இத்துறையில் புனே நகருக்குத் தனி இடம் உண்டு. பாஷாணில் உள்ள தேசிய இரசாயன ஆய்வுக் கூடத்தின் விஞ்ஞானிகள் இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் பூஞ்சைகளைக் கொண்டு வெள்ளி, தங்க நானோ துகள்களை உருவாக்கிக் காட்டினர். 2006ஆம் ஆண்டில் இரும்பு ஆக்சைடு வகையான மாக்னடைட் துகள்களையும் பூஞ்சைகளின் உதவியால் பெற முடியும் என்று அவர்கள் வெளியிட்டனர். பிம்ப்ரியில் பூஞ்சையிலிருந்து பென்சிலின் எடுத்த அதே வட்டாரம், பூஞ்சையைக் கொண்டு காந்தத் துகளையும் உருவாக்கிற்று என்பது மகிழ்ச்சிக்குரியது. கேரளத்தின் ஆய்வு நிறுவனங்களிலும் கல்லீரலை எம்.ஆர்.ஐ. மூலம் காண்பதற்கான இரும்பு ஆக்சைடு துகள்கள் விலங்குகளிடம் ஆராயப்பட்டுள்ளன.

இந்திய அரசு 2007ஆம் ஆண்டில் நானோ இயக்கத்தை 1,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தொடங்கியது. நானோ மருந்துகளின் தரம், பாதுகாப்பு, திறன் ஆகியவற்றை மதிப்பிடுவதற்கான வழிகாட்டு நெறிகள் 2019ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டன. ஆகவே அறிவும் உண்டு, நெறிமுறையும் உண்டு. ஆய்வுக்கூடத்துக்கும் நோயாளியின் படுக்கைக்கும் இடையிலுள்ள பாலமே இன்னும் குறுகலாக இருக்கிறது.

ஒரு சிறு கணக்கு

இப்போது ஒரு கணக்கைப் பார்ப்போம். இதிலுள்ள எண்கள் விளக்கத்திற்காக நான் எடுத்துக்கொண்டவை.

ஒரு சோதனை நூறு நோயாளிகளில் 80 பேரைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது. நோயில்லாத நூறு பேரில் 10 பேரைத் தவறாக நோயாளி என்கிறது என்று கொள்வோம். இதைப் பொதுமக்களில் ஒரு லட்சம் பேருக்குச் செய்தால், அவர்களில் நோயுள்ளவர் மூவர் என்றால், இருவரையோ மூவரையோ கண்டுபிடிப்போம். கூடவே ஏறத்தாழ 10,000 பேரை வீணாக அச்சுறுத்துவோம். அந்தப் பத்தாயிரம் பேரும் மறு சோதனைக்காக வேலையை விட்டு, கடன் வாங்கி, நகரத்து மருத்துவமனை வாயிலில் காத்திருப்பர்.

அதே சோதனையைச் சிர்ரோசிஸ் உள்ள 1,000 பேருக்குச் செய்வோம். அவர்களில் 20 பேருக்குப் புற்று இருப்பதாகக் கொண்டால், 16 பேர் கண்டறியப்படுவர். 4 பேர் தவறுவர். வீண் எச்சரிக்கை 98 பேருக்கு. இந்த 114 பேருக்கு மட்டும் உயர்தரமான, விலை மிகுந்த இரண்டாம் சோதனையைச் செய்யலாம். அது 16 பேரில் 15 பேரை உறுதி செய்து, 98 பேரில் 5 பேரை மட்டும் தவறாகச் சுட்டினால், சிகிச்சைக்கு நிற்பவர்கள் 20 பேர். அவர்களில் 15 பேர் உண்மையான நோயாளிகள். ஆயிரம் பேருக்குச் செய்ய வேண்டிய பெருஞ்செலவு 114 பேரோடு நின்றுவிட்டது.

முதல் சோதனையில் தவறிய அந்த நால்வரை மறந்துவிடக் கூடாது. எவ்வளவு விலையுயர்ந்த இரண்டாம் சோதனையும் அவர்களுக்குப் பயன்படாது; ஏனெனில் அவர்கள் அதன் வாயிலுக்கே வருவதில்லை. அவர்களைக் காப்பது, முதல் சோதனையை ஆறு மாதத்திற்கு ஒருமுறை தவறாமல் மீண்டும் செய்வதே. சிர்ரோசிஸ் உள்ளவர்களுக்கு ஆறு மாத இடைவெளியில் அல்ட்ராசவுண்டு பரிசோதனை செய்ய வேண்டும் என்று உலகெங்கும் மருத்துவ அமைப்புகள் பரிந்துரைப்பதன் காரணமும் இதுவே.

எனவே நானோ துகள் மருந்து எவ்வளவு சிறந்ததாயினும், அதன் இடம் இரண்டாம் வரிசையில். முதல் வரிசை பலவீனமாக இருந்தால் இரண்டாம் வரிசையில் இடும் மூலதனம் பயன் தராது.

தடுப்பதன் பயன்

முதல் வரிசைக்கும் முன்னே இன்னொரு வரிசை உண்டு. அது தடுப்பூசி. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்த பரூச் பிளம்பர்க் 1976ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். நம் கீழாநெல்லியில் ஈடுபாடு கொண்டு சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு இணைந்து 1988ஆம் ஆண்டில் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டவரும் அவரே. பிற ஆய்வுகள் அதன் முடிவை உறுதி செய்யவில்லை. எனினும் நாட்டு மருந்தையும் முறையாகச் சோதிக்க வேண்டும் என்ற நெறியை அம்முயற்சி காட்டியது.

தைவான் நாட்டில் 1984ஆம் ஆண்டில் பிறந்த குழந்தைகளுக்கு இத்தடுப்பூசி போடும் திட்டம் தொடங்கியது. 6 முதல் 14 வயது வரையுள்ள சிறாரிடம் கல்லீரல் புற்றுநோய் லட்சத்திற்கு 0.70 என்ற அளவிலிருந்து, பத்தாண்டுக் காலத்திற்குள் 0.36 ஆகக் குறைந்தது. தடுப்பூசியால் ஒரு புற்றுநோயைக் குறைக்க முடியும் என்பதற்கு முதற்சான்று இது. நம் நாட்டில் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997ஆம் ஆண்டில் உள்நாட்டுத் தடுப்பூசியைக் கொண்டுவந்ததும் விலை வெகுவாகச் சரிந்தது. இதே புனேயின் ஹடப்சரில் உள்ள சீரம் நிறுவனமும் இத்தடுப்பூசியைத் தயாரிக்கிறது. 2011ஆம் ஆண்டில் இது நாடு முழுவதற்குமான தடுப்பூசித் திட்டத்தில் இடம்பெற்றது. 2018ஆம் ஆண்டு ஜூலை 28 அன்று தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது.

ஆயினும் 2022ஆம் ஆண்டு நிலவரப்படி நம் நாட்டில் ஏறத்தாழ 3 கோடிப் பேர் ஹெபடைடிஸ் பி தொற்றோடு வாழ்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. தடுப்பூசி வருவதற்கு முன் பிறந்தவர்களுக்கு அதன் பயன் கிட்டவில்லை. அவர்களைக் கண்டறிவதும், கண்காணிப்பதும், தேவைப்படுவோருக்கு வைரஸை அடக்கும் மருந்து தருவதும் அவர்களுக்கு நாம் செய்யக்கூடியவை.

செய்ய வேண்டுவன

என் கருத்துகளைத் தொகுத்துக் கூறுகிறேன்.

முதலாவதாக, பிறந்த 24 மணி நேரத்திற்குள் போட வேண்டிய ஹெபடைடிஸ் பி ஊசி எந்தக் குழந்தைக்கும் தவறக் கூடாது. இதற்குப் புதிய கண்டுபிடிப்பு ஏதும் தேவையில்லை, மேற்பார்வை தேவை.

இரண்டாவதாக, மாவட்ட மருத்துவமனைதோறும் சிர்ரோசிஸ் நோயாளிகளுக்கும் நெடுங்கால வைரஸ் தொற்று உள்ளவர்களுக்கும் பதிவேடு வேண்டும். ஆறு மாதம் கழிந்தும் வராதவரை அழைக்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். எந்திரம் வாங்குவது எளிது. அழைத்து வருவதே அரிது.

மூன்றாவதாக, நானோ துகள் ஆய்வுக்கு நிதி வழங்கும்போதே, மனிதரிடம் சோதிக்கும் கட்டத்திற்கும் திட்டமிட வேண்டும். சந்தை தானே முன்வராத இடத்தில், குறிப்பிட்ட தரத்தை எட்டும் உள்நாட்டு மருந்தைக் குறிப்பிட்ட அளவு வாங்குவதாக அரசு முன்கூட்டியே உறுதி கூறலாம். ஆனால் அம்மருந்து, வழக்கிலுள்ள மருந்தைவிட எந்த நோயாளிக்கு, எந்த முடிவை மாற்ற உதவும் என்ற கேள்விக்கு விடை கிடைத்த பின்னரே அவ்வுறுதி தரப்பட வேண்டும். சிகிச்சையை மாற்றாத தெளிவான படம் பொருளாதார நோக்கில் வெறும் செலவே.

இம்மூன்றில் மூன்றாவதற்கே விஞ்ஞானிகளின் புகழும் செய்தித்தாளின் இடமும் கிடைக்கும். முதலிரண்டும் எவர் கண்ணிலும் படாத பணிகள். நிதி ஒதுக்கீட்டுக் கோப்பு மேசைக்கு வரும்போது, கண்ணில் படாத பணிக்காகப் பேசுபவர் ஒருவராவது இருக்க வேண்டும். இங்கே அமர்ந்திருக்கும் அலுவலர்களுக்கு என் வேண்டுகோள் அது.

மாணவர்களுக்கு ஒன்று. பென்சிலின் கண்டுபிடிக்கப்பட்டது லண்டனில், 1928ஆம் ஆண்டில். அது நம் நாட்டில் உற்பத்தியாகத் தொடங்கியபோது 27 ஆண்டுகள் கடந்திருந்தன. அறிவு பிறந்த நாளுக்கும் அது ஏழையின் படுக்கையைச் சேரும் நாளுக்கும் இடையேயுள்ள அந்த இடைவெளியைக் குறைப்பதற்குத்தான் திட்டமிடுதல் என்று பெயர். வேதியியல் பயில்பவராயினும் வணிகவியல் பயில்பவராயினும், அப்பணியில் உங்களுக்கு இடம் உண்டு.